கத்தரியைக் கீழே வையுங்கள்: பழைய வெஸ்டர்ன் தொடர்களை ஒளிபரப்பும் சேனல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் சேனலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். இதே விஷயத்தை உங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். எங்கள் நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பதற்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அப்புறம் பேச்சே இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவில் மாலை வேலையெல்லாம் முடிந்து இந்தத் தொடர்களின் முன்னால் உட்காரும் தமிழ்க் குடும்பங்கள் சில எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும்.

நான் கேட்பது இதுதான்: 1950களிலும் 60களிலும் வந்த வெஸ்டர்ன் தொடர்களை, அதாவது பழைய அமெரிக்க மேற்கின் கௌபாய் கதைகளை, வெட்டாமல், வேகம் கூட்டாமல், கடைசியில் ஓடும் பெயர்கள் வரை முழுதாக ஒளிபரப்புங்கள்.

போன மாதம் 'கன்ஸ்மோக்' தொடரை முதல் எபிசோடிலிருந்து போடப் போகிறோம் என்று விளம்பரம் செய்தீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1955 செப்டம்பர் 10 அன்று நடிகர் ஜான் வெய்ன் வந்து அறிமுகம் செய்துவைத்த எபிசோடு அது. நாயகனை முதல் நாளே சுட்டு வீழ்த்தும் துணிச்சல் எத்தனை தொடர்களுக்கு உண்டு? டேன் கிராட் என்ற துப்பாக்கிக்காரன் டாட்ஜ் நகரத்துக்கு வருகிறான். சட்டக் காவலரான மார்ஷல் மேட் டில்லன் அவனை எதிர்கொள்கிறார், குண்டடிபட்டு விழுகிறார். பிழைத்து எழுந்தபின் யோசித்துப் பார்க்கிறார். கிராட் மின்னல் வேகத்தில் துப்பாக்கியை உருவுகிறான், சரி. ஆனால் அவன் குறி சரியில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கிட்டத்தில் வந்துவிடுகிறான். அடுத்த முறை டில்லன் அவனைக் கிட்டே நெருங்க விடுவதில்லை. கிராட் முந்திச் சுடுகிறான், தவறுகிறது. டில்லன் நிதானமாகச் சுடுகிறார். அந்த எபிசோடு முழுவதும் இந்த ஒரு புரிதலின்மேல்தான் நிற்கிறது.

நீங்கள் ஒளிபரப்பியதில் அந்தப் புரிதல் வரும் இடத்தைக் காணோம்.

என் அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. காது மந்தம். சப்டைட்டிலைப் படித்துத்தான் பார்ப்பார். ஒரு வரி தப்பினாலும் கேட்டு வாங்கிக்கொள்வார். அன்றைக்குக் கடைசிச் சண்டை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, முதல்ல இவன்கிட்ட அடிபட்டு விழுந்தவர்தானே, இப்ப மட்டும் எப்படி ஜெயிச்சார்?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அதற்கான பதிலைத்தான் நீங்கள் வெட்டி எடுத்திருந்தீர்கள். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கிட்டத்தில் நிற்பது, தூரத்தில் நிற்பது என்று கையைக் காட்டி விளக்கினேன். அதற்குள் அடுத்த எபிசோடு தொடங்கி இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் படத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி ஓட்டுகிற நாட்களில் சப்டைட்டில் அவர் படித்து முடிக்கும் முன் மறைந்துவிடுகிறது. வேகம் கூடியது யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிகிறது.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் காலத்து அரைமணி எபிசோடு விளம்பரம் போகச் சுமார் 26 நிமிடம். ஒரு மணி நேர எபிசோடு 50 நிமிடத்தை ஒட்டி வரும். இன்றைக்கு விளம்பரத்துக்கு அதைவிட அதிக நேரம் தேவைப்படுகிறது. மீதி நிமிடங்கள் எங்கிருந்தாவது வர வேண்டும். சேனல் நடத்துவது தர்ம காரியம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதை எடுக்கிறீர்கள் என்று ஒரு முறையாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? துப்பாக்கிச் சண்டையில் ஒரு நொடிகூடக் குறைவதில்லை. 'தி ரைஃபிள்மேன்' தொடக்கத்தில் நாயகன் சக் கானர்ஸ் நடந்துகொண்டே வின்செஸ்டர் துப்பாக்கியைப் படபடவென்று சுடும் காட்சி ஒரு நாளும் குறைந்ததில்லை. போவதெல்லாம் பேச்சும் மௌனமும்தான். கன்ஸ்மோக்கில் ஊர் மருத்துவர் டாக் ஆடம்ஸ் ஒரு கோப்பை காப்பியோடு உட்கார்ந்து மார்ஷலின் உதவியாளர் செஸ்டரைச் சீண்டுவது, மதுக்கடை நடத்தும் கிட்டி ஒன்றும் சொல்லாமல் மேட்டைப் பார்ப்பது, ஆரம்ப கால எபிசோடுகளில் டில்லன் பூட் ஹில் கல்லறைகளுக்கு நடுவே நின்று தனக்குள் பேசிக்கொள்வது. இவை கதையை நகர்த்தவில்லை என்று யாரோ முடிவு செய்கிறார்கள்.

கன்ஸ்மோக் வானொலியில் பிறந்தது என்பதை அந்த யாரோ ஒருவருக்குச் சொல்லுங்கள். 1952இலிருந்து வில்லியம் கான்ராடின் குரலில் மேட் டில்லன் வானொலியில் வாழ்ந்தார். தொலைக்காட்சிக்கு வந்த அரைமணிக் கதைகளில் பல, ஜான் மெஸ்டன் வானொலிக்கு எழுதியவற்றிலிருந்து எடுத்தவை. பேச்சுதான் அவற்றுக்கு முதுகெலும்பு. அதை உருவிவிட்டு மிச்சத்தைப் போட்டால் தொப்பி போட்ட ஆட்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வது மட்டும்தான் மிஞ்சும். வெஸ்டர்ன் என்றாலே டிஷ்யூம் டிஷ்யூம்தானே என்று சொல்லும் என் தோழிகளுக்கு நான் இத்தனை வருஷமாக எடுத்துச் சொல்லி வந்ததையெல்லாம் உங்கள் கத்தரி ஒரே மாலையில் பொய்யாக்கிவிடுகிறது.

'மேவரிக்' இன்னும் பரிதாபம். 1958இல் வந்த ஷேடி டீல் அட் சன்னி ஏக்கர்ஸ் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் பிரெட் மேவரிக்காக வரும் ஜேம்ஸ் கார்னரின் 15,000 டாலரை ஒரு வங்கிக்காரர் விழுங்கிவிடுகிறார். பணம் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது. கார்னர் என்ன செய்கிறார்? ஓட்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு கட்டையை வைத்துச் சீவிக்கொண்டிருக்கிறார். போகிற வருகிற ஆட்களெல்லாம் பணத்தை எப்படி மீட்கப் போகிறாய் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அதற்கான வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது என்று திரும்பத் திரும்ப அதே பதில். அந்தப் பக்கம் அவர் தம்பி பார்ட் வேடத்தில் ஜாக் கெல்லியும் கூட்டாளிகளும் வங்கிக்காரரைச் சுற்றி வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். கார்னர் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் நமக்குச் சிரிப்பு கூடும். திரும்பத் திரும்ப ஒரே காட்சிதானே என்று அதில் இரண்டைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும்? உங்கள் ஒளிபரப்பில் அதுதான் ஆனது.

எனக்கு மிகப் பிடித்தது 'ஹாவ் கன் – வில் டிராவல்'. 1957 முதல் 1963 வரை, 225 எபிசோடுகள். ரிச்சர்ட் பூன் நடித்த பாலடின் சான்பிரான்சிஸ்கோ கார்ல்டன் ஓட்டலில் பட்டும் சதுரங்கமும் நாடகமுமாக வாழ்கிற மனிதர். வேலை வந்தால் கறுப்பு உடை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கூலிக்குத் துப்பாக்கி எடுப்பவர்தான், ஆனால் கூலி கொடுத்தவனே அநியாயக்காரன் என்று தெரிந்தால் அவனுக்கு எதிராகவே திரும்பிவிடுவார். அடிபட்ட முகமும் பெரிய மூக்குமாக ஒரு மனிதர் ஷேக்ஸ்பியரை மேற்கோள் காட்டினால் நம்ப முடியுமா? பூன் சொன்னால் நம்புவோம். அந்தத் தொடரில் ஜீன் ராடன்பெர்ரி 24 எபிசோடுகள் எழுதியிருக்கிறார். பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரால் உலகப்புகழ் பெற்ற அதே ராடன்பெர்ரி. அவர் பெயரைத் திரையில் பார்ப்போம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், திரையை ஒரு மூலைக்குச் சுருக்கி, மீதி இடத்தில் காப்பீட்டு விளம்பரம் போடுகிறீர்கள். ஜானி வெஸ்டர்ன் பாடும் அந்த முடிவுப் பாட்டு விளம்பரக் குரலுக்கு அடியில் போய்விடுகிறது. பாட்டு முடியும்வரை எழுந்து போகாத வீடு எங்களுடையது. எழுதியவர் பெயரையும் பாடியவர் குரலையும் சேர்த்துத்தானே அந்தத் தொடரின் உரிமையை வாங்கினீர்கள்?

சரி, பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாப் பழசையும் கும்பிடுகிற ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குப் பிடிக்காதது 'பொனான்சா'. உங்கள் சேனலில் நல்ல நேரமெல்லாம் அதற்குத்தான். 1959 முதல் 1973 வரை 431 எபிசோடுகள். தொடக்கம் முதலே வண்ணத்தில் எடுத்தார்கள். ஒளிபரப்பிய என்.பி.சி.யின் தாய் நிறுவனம் ஆர்.சி.ஏ. அப்போது வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. டஹோ ஏரியின் நீலத்தைக் காட்டினால் பெட்டி விற்கும். அதில் எனக்கு வழக்கில்லை. ஊரில் பாதியை வளைத்துப் போட்ட பண்ணையாரும் அவர் மகன்களும் சொல்வதுதான் எப்போதும் நியாயம் என்பதில்தான் வழக்கு. அந்தக் குடும்பத்தில் யாராவது ஒரு பெண்ணை விரும்பிவிட்டால் கடைசி விளம்பர இடைவேளைக்குள் அவள் செத்துப்போவாள், அல்லது ஊரைவிட்டுப் போய்விடுவாள். மூன்று மகன்களுக்கும் மூன்று தாய்கள், மூவரும் உயிரோடு இல்லை. ஒரு பெண்ணை இரண்டு வாரம் உயிரோடு வைத்திருக்கத் தெரியாத வீட்டுக்கு 14 பருவங்கள். மூத்த மகனாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸே கதைகள் பிடிக்காமல் 1965இல் விலகிவிட்டார். அப்பாவாக நடித்த லார்ன் கிரீன் அவரைவிட 13 வயதுதான் மூத்தவர். தலைமுடியின் வெள்ளையும் அந்தக் கனத்த குரலும் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டின. நடு மகன் ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் மட்டும் எனக்கு விதிவிலக்கு. அவர் முகத்துக்காகவே பார்த்த எபிசோடுகள் உண்டு.

ஆனாலும் சொல்கிறேன், பொனான்சாவையும் வெட்டாதீர்கள். அதை நேசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போலவே சந்தா கட்டுகிறார்கள்.

கன்ஸ்மோக்கின் அரைமணிக் கறுப்பு வெள்ளை எபிசோடுகள் மொத்தம் 233. 1958-59 பருவத்தில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த முதல் நான்கு தொடர்கள் கன்ஸ்மோக், வேகன் ட்ரெய்ன், ஹாவ் கன், ரைஃபிள்மேன். நான்கும் வெஸ்டர்ன், நான்கும் அன்று கறுப்பு வெள்ளை. இன்று நீங்கள் அவற்றை விடியற்காலை நாலு மணிக்குப் போடுகிறீர்கள். கறுப்பு வெள்ளை என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எந்த ஆதாரத்தில் முடிவெடுத்தீர்கள்? ராத்திரி தூக்கம் வராத பெரியவர்களுக்கு மட்டும்தான் நல்ல கதை வேண்டுமா? 1960இல் இயக்குநர் சாம் பெக்கின்பா உருவாக்கிய 'தி வெஸ்டர்னர்' மொத்தமே 13 எபிசோடுகள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாடோடி, பிரையன் கீத் நடித்தது, கூடவே ஒரு நாய். முதல் கதையில் அடித்துத் துன்புறுத்தும் ஆளிடமிருந்து ஒரு பெண்ணை மீட்டுப்போக வருகிறான். சண்டையெல்லாம் போட்டு முடித்த பிறகு அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். அவன் தனியாகப் போகிறான். அன்றைய தொலைக்காட்சியில் அப்படி முடிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 13 எபிசோடுக்கு இரண்டு வார மாலை போதும். அதற்கு ஒரு மூலைகூட உங்கள் அட்டவணையில் கிடையாது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. சங்கடமான இடங்களையும் சத்தமில்லாமல் எடுக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்தத் தொடர்களில் வெட்கப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. பூர்வகுடிகளாக வெள்ளையர்களே சாயம் பூசிக்கொண்டு நடித்தார்கள். நிஜ மேற்கில் மாடு மேய்த்தவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம், திரையில் பல வருஷம் அவர்களைக் காணோம். பாலடினின் ஓட்டல் பணியாளரான சீன மனிதரை ஹே பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கேட்கவே கூசுகிறது. ஆனால் அதே தொடர்தான் 1958இல் அவரை மையமாக வைத்து, ரயில்பாதை வேலையில் செத்த சகோதரனுக்கு நியாயம் தேடிப் போகும் கதையையும் சொன்னது. காம் டாங் என்ற நடிகர் அதில் எப்படி நிமிர்ந்து நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அவமானத்தையும் அந்த எதிர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரியும். வேண்டுமானால் தொடக்கத்தில் இரண்டு வரி அறிவிப்புப் போடுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கொஞ்சம் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கோபத்தில் எழுதியதாகப் பட்டால், இத்தனை வருஷம் உங்கள் சேனலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்க்காத ஒருத்தியின் கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டாமல், வேகம் கூட்டாமல், பெயர்கள் வரை முழுதாகப் போடுங்கள். வழி இல்லாமல் இல்லை. அரைமணி எபிசோடுக்கு 35 நிமிடம் ஒதுக்குங்கள். எபிசோடுகளுக்கு இடையில் உங்கள் விளம்பரங்களை எல்லாம் சேர்த்துப் போடுங்கள், பொறுமையாகப் பார்க்கிறோம். தினமும் முடியாது என்றால் சனிக்கிழமை மாலை மட்டுமாவது செய்யுங்கள். அதுவும் முடியாது என்றால், வெட்டிய எபிசோடுகளின் தொடக்கத்தில் இது குறைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் காட்டுங்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் குறையை மெஸ்டன் மேலும் ராடன்பெர்ரி மேலும் போடாமல் இருப்பார்கள்.

இந்த முறை ஒரு மனிதரிடமிருந்து பதில் வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். எந்த எபிசோடில் எவ்வளவு குறைகிறது என்று முடிவெடுப்பது யார், அவருக்கு நேரடியாக எழுத முடியுமா என்பதை மட்டுமாவது தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்