கைத்தொலைபேசி மைக் துளைக்குள் ஊசியும் வேண்டாம், காற்றும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைத்தொலைபேசியில் நாம் பேசுவது மறுமுனைக்குக் கேட்கவில்லை என்று திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவானாலும் வெள்ளவத்தையானாலும் முதல் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். அடிப்பக்கத்துச் சிறு துளைக்குள் ஊசி விடுவார்கள், அல்லது கம்ப்ரஸர் காற்று அடிப்பார்கள். அதிலும் சரிவராவிட்டால் போர்டைக் கழற்றி, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் திரவத்தில் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவார்கள். தூசி மட்டும் அடைத்திருந்த மைக்கை நிரந்தரமாகக் கெடுத்துவிட இந்த மூன்றில் எதுவும் போதும். வேலை செய்பவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த மைக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதே என் கவலை.

பழைய போன்களில் இருந்தது எலெக்ட்ரெட் மைக். 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் கேர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கியது. நிரந்தர மின்னேற்றம் தாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் அதன் உயிர். போர்டுகளைச் சூளையில் விட்டு எல்லாப் பாகங்களையும் ஒரே தடவையில் சோல்டர் செய்யும்போது வெப்பம் 260 பாகை செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் படலம் மின்னேற்றத்தை இழந்துவிடும். ஆகவே அந்த மைக்கைத் தனியாகவே பொருத்த வேண்டியிருந்தது. 2003 அளவில் நோல்ஸ் நிறுவனம் சிலிக்கனில் செய்த மைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. சிலிக்கன் மைக் மற்ற சிப்களோடு சேர்ந்தே சூளைக்குள் போய்வரும். தோற்றத்திலும் சிப் மாதிரியே, உலோக மூடி போட்டுச் சதுரமாக இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதைச் சிப் என்று எண்ணிக் கையாளுகிறோம். உள்ளே இருப்பதோ அசையும் உறுப்புள்ள ஓர் இயந்திரம்.

அதன் முழு உடம்பே சுமார் 3.5 மில்லிமீற்றர் நீளம், 1 மில்லிமீற்றர் உயரம். உள்ளே மிருதங்கத் தோல்போல விரிந்திருக்கும் சிலிக்கன் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று. நம் தலைமுடி அதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் தடிப்பு. படலத்துக்கு எதிரே, சில மைக்ரோமீற்றர் இடைவெளி விட்டு, துளைகள் நிறைந்த ஒரு விறைப்பான தட்டு. ஒலி வந்து படலத்தை அசைக்கும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள மின்கொள்ளளவு (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மாறும். பக்கத்திலிருக்கும் சிறிய சிப் அந்த மாற்றத்தைச் சைகையாக்கும். படலத்துக்குக் கீழே சிலிக்கனைச் செங்குத்தாகக் குடைந்து ஒரு குழி செய்திருப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தில் ஃபிரான்ஸ் லேர்மரும் அன்ட்ரியா உர்பானும் கண்டுபிடித்த முறைதான் இத்தகைய குழிகளைச் சாத்தியமாக்கியது. சில விநாடி ஒரு வாயுவால் அரிப்பது, அடுத்த சில விநாடி இன்னொரு வாயுவால் சுவருக்குப் பூச்சுப் போடுவது என்று மாறி மாறிச் செய்வதால் குழி பக்கவாட்டில் அகலாமல் நேராக இறங்கும். இவ்வளவு நுட்பமாகச் செய்த பொருளை நோக்கித்தான் நாம் ஊசியை விடுகிறோம்.

இந்த மைக்குகளுக்குத் தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. துளைக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. 30 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல்) மேல் காற்றழுத்தம் கொடுக்கக் கூடாது. துளையின்மேல் உறிஞ்சக் கூடாது. சோல்டர் செய்தபின் கழுவவோ தூரிகையால் தேய்க்கவோ கூடாது. அல்ட்ராசோனிக் கூடவே கூடாது. சூளைச் சூடு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். கடைக் கம்ப்ரஸரில் 100 பிஎஸ்ஐ நிற்பது சாதாரணம். ஊசி பல போன்களில் படலம் வரை எட்டாது, துளை உள்ளே வளைந்து போவதால். ஆனால் வழியிலுள்ள வலையையும் ரப்பர் அடைப்பையும் கிழித்துவிடும். அன்றிலிருந்து தூசியும் வியர்வையும் தடையின்றி உள்ளே போகும். சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அருகிலுள்ள மைக் துளையில் குத்திவிடுவதும் அடிக்கடி நடப்பது.

அல்ட்ராசோனிக் தொட்டி மைக்கை மட்டும் தாக்குவதில்லை. போனைத் திருப்பினால் திரை திரும்புவதும் கமராப் படம் ஆடாமல் நிற்பதும் முடுக்கத்தை உணரும் முடுக்கமானி, சுழற்சியை உணரும் சுழல்மானி என்ற இரண்டு நுண்பொறிகளால். சுழல்மானிக்குள் ஒரு சிலிக்கன் திணிவு இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். பரவலாகப் பயன்பட்ட எம்பியு-6050 என்ற சுழல்மானிப் பாகத்தில் அந்த அதிர்வு, அச்சைப் பொறுத்து, 24 முதல் 36 கிலோஹேர்ட்ஸ் வரை. கடைகளிலுள்ள தொட்டிகள் பெரும்பாலும் 40 கிலோஹேர்ட்ஸ். இவ்வளவு அருகிலுள்ள அதிர்வெண்ணில் பல நிமிடம் உலுக்கினால் திணிவு அளவுமீறி ஆடலாம். அதைத் தாங்கும் நுண்ணிய கைகள் முறியலாம், அல்லது பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வராமல் போகலாம். இந்தச் சிறிய அளவில், தொடும் பரப்புகளை ஒட்டவைக்கும் விசைகள், மீட்டு இழுக்கும் வில்லின் விசையையே மிஞ்சிவிடலாம்.

முடுக்கமானி கெட்டதா என்று அறிவது கடினமல்ல. போனைச் சமமான மேசையில் வைத்து உணரிகளைக் காட்டும் செயலியைத் திறவுங்கள். சாம்சுங் போன்கள் பலவற்றில் *#0*# என்று அழுத்தினாலே உணரிச் சோதனைத் திரை வரும். செயலியில், மேல்நோக்கிய அச்சில் 9.8 (மீற்றர்/விநாடி²) அளவும் மற்ற இரண்டிலும் பூச்சியத்துக்கு அருகிலும் காட்ட வேண்டும். கவிழ்த்தால் குறி மாற வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒரே எண் நின்றால் உள்ளிருக்கும் திணிவு ஒட்டியிருக்கலாம்.

மைக்குக்கும் இதேபோல ஒழுங்கு உண்டு. இப்போதைய போன்களில் இரண்டு, மூன்று மைக் இருக்கும். குரல்பதிவு பெரும்பாலும் அடி மைக்கையும், பின் கமரா வீடியோ மேல் அல்லது பின் மைக்கையும் பயன்படுத்தும். இரண்டிலும் பதிந்து கேட்டால் எது மௌனம் என்று தெரிந்துவிடும். முதலில் உறையையும் திரை ஒட்டியையும் கழற்றிப் பாருங்கள். துளையை மறைத்திருப்பது அவைதான் என்று பல தடவை தெரியவரும். அடுத்து, துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மென்மையான உலர்ந்த தூரிகையால் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கலாம். போனைத் திறந்தபின் மைக்குக்கு மின்வழங்கல் வருகிறதா என்று அளக்க வேண்டும். இலக்கமுறை மைக்கில் அது பொதுவாக 1.8 வோல்ட். அது வராவிட்டால் மைக்கைக் கழற்றிப் பயனில்லை.

கொழும்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல்நீர் பட்டு உலர்ந்த மைக்கில் உப்புப் படிகம் தங்கும். காற்றின் சார்பு ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும்; நம் இரவுகளில் அந்த அளவு சர்வசாதாரணம். ஆகவே குளிரூட்டிய அலுவலகத்தில் நன்றாக வேலை செய்யும் மைக் வீட்டில் இரவில் மந்தமாகும். இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து போனை முழுதாக அழித்துவிட்டு வருபவர்களும் உண்டு. உப்பு உள்ளே போன மைக்கைக் கழுவி மீட்க முடியாது, மாற்றுவதே வழி.

பல போன்களில் அடி மைக் சார்ஜிங் சிறு போர்டிலேயே இருப்பதால் அந்தப் போர்டை மாற்றுவது எளிது, பாதுகாப்பும்கூட. தனி மைக்கைத்தான் மாற்ற வேண்டுமென்றால், துளை மேலே உள்ளதா அடியில் உள்ளதா என்பதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். அடித்துளை மைக்கில் துளையைச் சுற்றி ஒரு சோல்டர் வளையம் வரும். போர்டின் மறுபக்கத்தில் துளையின்மேல் வெப்பம் தாங்கும் பொலிஇமைட் நாடா ஒட்டி, போர்டைக் கீழிருந்து 120 முதல் 150 பாகை வரை சூடாக்கி, குறைந்த காற்றோட்டத்தில் ஹொட் எயார் (சுடுகாற்றுக் கருவி) பிடிக்க வேண்டும். கருவியில் தெரியும் எண் காற்றின் வெப்பநிலை, மைக்கின் வெப்பநிலை அல்ல. ஈயமற்ற சோல்டர் உருகுவது 217 பாகை அளவில், மைக் தாங்குவது 260 வரை. சோல்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசைபோன்ற பிளக்ஸ் மிகக் கொஞ்சம் போதும். திரவ பிளக்ஸும் அதைக் கழுவும் அல்கஹோலும் நுண்துளை வழியே தாமாக உள்ளே ஏறும். வளையம் முழுதாகப் பிடிக்காமல் ஒரு இடத்தில் விட்டுப்போனால், மின்சாரம் சரியாக ஓடினாலும் ஒலி கசிந்து எதிரொலி வரும். நாடாவை ஆறியபின் மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அதுவே உறிஞ்சலாகிவிடும்.

அல்ட்ராசோனிக்கை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. வெள்ளத்தில் மூழ்கித் துருப்பிடித்த போர்டுக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். அப்போது மைக்கையும் சுழல்மானியையும் முன்கூட்டியே கழற்ற வேண்டும். இல்லையேல் அவை போகக்கூடும் என்று உரியவரிடம் சொல்லி, மாற்றும் செலவையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

கைத்தொலைபேசி திருத்தும் பயிற்சி நடத்தும் அரச, தனியார் நிறுவனங்களிடம் கேட்பது இதுதான்: நுண்பொறிப் பாகங்களைக் கையாள்வதற்கு ஒரு செய்முறைப் பாடவேளை ஒதுக்குங்கள். உடைந்த மைக் ஒன்றின் மூடியைக் கழற்றி நுணுக்குக்காட்டியில் மாணவர்களுக்குக் காட்டுங்கள்; படலத்தைக் கண்ணால் கண்டவர் அதற்குள் காற்று அடிக்கமாட்டார். தரவுத்தாள் எச்சரிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வேலை மேசைக்கு மேலே ஒட்டும்படி கொடுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இந்தப் பாடவேளையைத் தேர்ச்சி மதிப்பீட்டிலும் சேர்த்தால், சான்றிதழ் பெற்று வரும் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்த்தவராக இருப்பார்.

மின்னணுப் பொறியியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06