தாத்தாவும் இதே ரொட்டிதான் சாப்பிட்டார், ஆனால் தம்பி…

தம்பி,

வெறும் வயிற்றில் சீனி 118 என்று வந்திருக்கிறது, நீயோ “தாத்தா காலமெல்லாம் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான், அவருக்கு என்ன வந்தது?” என்று கேட்கிறாய். போனில் பேசித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

தாத்தா தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வேலை செய்கிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், வேலை முடிந்து பல மணி நேரத்துக்குப் பிறகும் அதற்குக் கொஞ்ச இன்சுலினே போதும். நாள் முழுக்க மலைச்சரிவில் நின்று வெட்டிய உடம்பில் அந்த ரொட்டி செலவாகிவிட்டது. நீ வெள்ளவத்தையில் கடை அடைக்கும் வரை கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாய். செலவாகாத மாச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றும், கொழுப்பு படிந்த ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் இராத்திரி முழுக்கக் குளுக்கோஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றும் சாப்பிடாத விடியற்காலையிலும் சீனி கூடியிருப்பது இதனால்தான்.

அப்புறம், நீ சாப்பிடுவது தாத்தாவின் சாப்பாடும் இல்லை. பத்து மணிக்கு ரோல்ஸ், நாலு மணிக்கு பனிஸ், கடை அடைத்த பிறகு கொத்து, கூடவே சோடா. அரை லீட்டர் சோடாவில் ஏறத்தாழ 50 கிராம் சீனி, உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. 2019இல் அமெரிக்காவில் 20 பேருக்கு இரண்டு வாரம் பாக்கெட் உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவும் வயிறாரக் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்கெட் உணவின்போது தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது.

ஒல்லியாக இருக்கிறேன் என்று நம்பாதே. நம் ஆட்களுக்கு எடை அளவில் தெரியாது, இடுப்பில் தெரியும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அம்மா நிறைமாதம் வரை கொழுந்துக் கூடை சுமந்தாள், நீ எடை குறைந்து பிறந்தாய். அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சீனி வியாதி வரும் வாய்ப்பு அதிகம். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தக் கதை, நினைத்தால் கோபம்தான் வருகிறது. உன்மேல் இல்லை.

126ஐத் தொட்டால்தான் வியாதி, நீ இன்னும் திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் இருக்கிறாய். சோடாவை இன்றைக்கே விடு. பிளேன்டீயைச் சீனி இல்லாமல் குடி, கருப்பட்டியைக் கடித்துக்கொள்வதும் சீனிதான். சோற்றைக் குறைத்துப் பருப்பு, கீரை, நெத்தலியைக் கூட்டு. சாப்பிட்டதும் உட்காராமல் கால் மணி நேரம் கடற்கரைப் பக்கம் நட. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு.

அக்கா
ஹட்டன்