தூறலுக்கு ஒரு திருகு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய கார்களில் வரும் வசதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், மழையைத் தானே கண்டுகொண்டு ஓடும் வைப்பருக்கு ஏகப்பட்ட பாராட்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே வேலை நிமித்தம் அன்றாடம் கார் ஓட்டுகிறவன் நான். கட்டுரையாளர் ஷோரூம் வாசலோடு நிறுத்திக்கொண்டதால் மிச்சத்தை எழுதுகிறேன்.

கொட்டுகிற மழைக்கு, மழையை உணரும் சென்சார் யாருக்கும் தேவையில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்த மழையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, வைப்பரை முழு வேகத்தில் வை என்று ஒரு டப்பா எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நமக்கு உதவி தேவைப்படுவதெல்லாம் தூறலில். பெய்யலாமா வேண்டாமா என்று போக்குக் காட்டும் ஐப்பசித் தூறல், முன்னே போகும் லாரியின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர், மார்கழி விடியலில் ஏரிக்கரைப் பக்கம் கண்ணாடியில் பூக்கும் பனி. சென்சார் திணறுவதும் சரியாக இந்த இடங்களில்தான்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு மறைவில், முன் கண்ணாடியின் உள்பக்கம் அந்தச் சின்ன டப்பா ஒட்டப்பட்டிருக்கும். அது அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாகக் கண்ணாடிக்குள் செலுத்தும். வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் ஒளி அப்படியே திரும்பி வந்துவிடும். நீர்த்துளி இருந்தால் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறிவிட, திரும்பி வருவது குறையும். அந்தக் குறைவைத்தான் மழை என்று அது கணக்கு வைக்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடியில் அது பார்ப்பதோ இரண்டு மூன்று விரல் அகலம். என் கண்ணுக்கு நேரே துளி கோத்து நின்றாலும், அந்த இடம் காய்ந்திருந்தால் அதற்கு மழையே கிடையாது.

நம் பக்கத்துக் காற்றில் உப்பு, சாலை வேலை நடக்கும் இடமெல்லாம் புழுதி. வைப்பர் ரப்பர் கொஞ்சம் தேய்ந்துவிட்டால், இவை இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. படலத்தைத் துளி என்று எண்ணிக்கொண்டு, சுள்ளென்று வெயிலடிக்கும் பகலில் வைப்பர் 'டர்ர்ர்' என்று காய்ந்த கண்ணாடியை இழுக்கிறது. ரப்பருக்கு அடியில் மாட்டிய மணல் அப்படியே வில்லாகக் கோடு போட்டுவிடும். பகலில் அந்தக் கோடு கண்ணில் படாது. இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வரட்டும், கோடு மொத்தமும் பளீரென்று விரிந்து சாலை காணாமல் போய்விடும்.

கண்ணாடி மாற்றினால் இன்னொரு கூத்து. ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்து என் காரின் முன் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. இன்சூரன்ஸில் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வைப்பர் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் சார், இனிமே சரியா இருக்கும்" என்றார்கள். சரியாகவில்லை. கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி தடையில்லாமல் போவதற்காக ஜெல் போன்ற ஒரு பட்டை வைப்பார்கள். பழைய கண்ணாடியிலிருந்து உரித்த அதே பட்டையை இதிலும் ஒட்டியிருந்தார்கள். உள்ளே கடுகு கடுகாகக் காற்றுக் குமிழிகள். "புதுசு போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது சார், இதுக்குப் போய் கம்ப்யூட்டரைத் திட்டி என்ன பண்றது" என்றார்.

வாட்டர் சர்வீஸ் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வண்டியை நகர்த்த ஒருவர் சாவியைத் திருப்ப, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பையனின் விரலில் வைப்பர் சுளீரென்று அடித்தது. ஈரம் பட்டதும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பையன் சிரித்துக்கொண்டே கையை உதறினான். அவனுக்கு இது பழகிப்போன விஷயம் போலிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்த வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் லாரியை முந்தும்போது சேறு வந்து மொத்தமாக அறைகிற நொடியில், என் கை போவதற்குள் அது துடைத்துவிட்டதும் உண்டு. என் மனத்தாங்கல் வேறு. பழைய காரில் வைப்பர் லீவரில் ஒரு திருகு இருந்தது. எத்தனை நொடிக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதை அதைத் திருப்பி நாமே வைத்துக்கொள்வோம். 'ஆட்டோ' வந்த பல கார்களில் அந்த இடத்தையே அது பிடித்துக்கொண்டது. திருகு இருந்தாலும் அது சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான். ஆட்டோ பிடிக்கவில்லை என்றால் மெதுவாக ஓயாமல் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் கையால் ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டும். விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பருக்கு 1964இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த அமெரிக்கர் ராபர்ட் கேர்ன்ஸ், அதற்காக 1978இல் ஃபோர்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 1990இல்தான் நடுவர் குழு அவர் பக்கம் சாய்ந்தது. மனிதர் அவ்வளவு பாடுபட்ட சங்கதியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள்.

சில கார்களில் வைப்பர் வேகம் தொடுதிரைக்குள்ளேயே போய்விட்டது. ஜெர்மனியில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், மழையில் வைப்பர் இடைவெளியைத் திரையில் மாற்றிக்கொண்டிருந்தபோது வண்டி சாலையை விட்டு இறங்கிவிட்டது. அவருக்கு 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 2020இல் கார்ல்ஸ்ரூ நகரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. திரையை அப்படி வடிவமைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை! ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் வைப்பர், ஹார்ன், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குக் கையால் இயக்கும் பட்டனோ லீவரோ இருக்க வேண்டும் என்று அறிவித்தது.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆவது விதி, நன்றாக இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு இருக்க வேண்டும், அவர் வைத்த இடைவெளியில் வைப்பர் துடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் என்ன? கார்களின் பாதுகாப்பைச் சோதிக்க நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பெண்ணிலாவது இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். அது நடக்கிறபோது நடக்கட்டும். தங்கள் இதழின் கார் விமர்சனப் பகுதியில் மைலேஜ், டிக்கி அளவு, சன்ரூஃப் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அதோடு, ஆட்டோவை அணைத்தால் இடைவெளியை நாமே வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று ஒரு வரியும், கண்ணாடி மாற்றும்போது அந்த ஜெல் பட்டையைப் புதிதாகப் போடுகிறார்களா என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினால், அடுத்த மழைக்காலத்துக்குள் வண்டி வாங்கப் போகிறவர்கள் புக்கிங்குக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் வாசகர்,
கடலூர் – 1