லீயின் கடிதங்களில் இடம்பெறாதவர்கள்: உலக வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதியும் கற்பித்தும் வரும் பெருமக்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயை நல்லிணக்கத்தின் முன்மாதிரியாகக் காட்டும் வழக்கம் உண்டு. அதற்குச் சான்றாக எடுக்கப்படும் அவருடைய கடிதங்களை, ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் சேர்த்துவைத்துப் படிக்குமாறு வேண்டவே இதை எழுதுகிறேன்.

1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸில் சரணடைந்த லீ, ஆகஸ்ட் 28 அன்று வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் ஜான் லெட்சருக்கு எழுதிய கடிதத்தில், போரின் முடிவை ஏற்பதே அறிவுடைமை என்றும், அதன் விளைவுகளைத் துடைத்து அமைதியை மீட்க எல்லோரும் ஒன்றுபட வேண்டும் என்றும் கூறினார். தோற்ற தளபதி தம் மக்களைப் பழிவாங்கத் தூண்டாதது பெரிய செயல்தான். அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் இருந்தார்களா? 1866 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் கூட்டுக்குழு முன் சாட்சியம் அளித்த லீ, அவர்களால் அப்போது அறிவோடு வாக்களிக்க இயலாது என்றும், அவர்கள் வெளியேறினால் வர்ஜீனியாவுக்கு நல்லது என்றும் சொன்னார். 1868 ஆகஸ்டில், வடக்குப் படையின் முன்னாள் தளபதி ரோஸ்கிரான்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில், தென்னகத் தலைவர்கள் பலருடன் அவர் கையொப்பமிட்ட மடல் இன்னும் வெளிப்படையானது. கறுப்பின மக்கள்மீது தங்களுக்குப் பகை இல்லை என்கிறது, அமைதியை வேண்டுகிறது, அதே மூச்சில், நாட்டின் அரசியல் அதிகாரம் அவர்கள் கைக்குப் போகக் கூடாது என்றும் சொல்கிறது. வெள்ளையர் இரு தரப்பும் கைகுலுக்குவதற்கான விலையாக, விடுதலை பெற்றவர்களின் வாக்குரிமை அங்கே வைக்கப்பட்டது என்பதே என் வாசிப்பு.

லீயின் பொறுப்பிலிருந்த ஆர்லிங்டன் பண்ணையிலிருந்து 1859இல் தப்பி ஓடிப் பிடிபட்ட, அங்கே அடிமையாக இருந்த வெஸ்லி நோரிஸ், லீயின் ஆணைப்படி தமக்கு 50 கசையடிகள் விழுந்ததாக 1866இல் வெளியான வாக்குமூலத்தில் கூறினார். நல்லிணக்கம் என்று பேசும்போது முதலில் கேட்கப்பட வேண்டிய குரல் அது. நம் நூல்களில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, லெட்சர் கடிதத்தை மேற்கோள் காட்டும் பக்கத்திலேயே 1868 மடலையும் நோரிஸின் வாக்குமூலத்தையும் மாணவர்முன் வையுங்கள்.

அன்புடன்,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்