சைக்கிள் மிதிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

எச்ஐவியோடு வாழ்பவர்களுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் நீ பெயர் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பெருமை. என் பங்கை அனுப்பிவிட்டேன். ஆனால் நன்கொடை கேட்டு நீ எல்லோருக்கும் அனுப்பிய செய்தியில் 'மருத்துவ உதவிக்காக' என்று மட்டும்தான் இருந்தது. எச்ஐவி என்று போட்டால் சிலர் தரமாட்டார்கள் என்று நினைத்திருப்பாய். தராமல் போகலாம்தான். அப்படியும் அதைச் சொல்லியே கேளம்மா.

இன்று நல்ல மருந்து இருக்கிறது. 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு நிலைமையே மாறிவிட்டது. பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாகக்கூட அது துணைக்குப் போவதில்லை. ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த ஜோடிகளைக் கவனித்து, 2016லும் 2019லும் வெளியான பார்ட்னர் ஆய்வில், அந்த நிலையில் இருந்த துணையிடமிருந்து தொற்றியதாக ஒன்றுகூட இல்லை. இவ்வளவு இருந்தும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பரிசோதனைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை ஒளித்து வைத்து, எடுக்க வசதிப்படாமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகிவிடும். உன் செய்தியிலும் எச்ஐவியை மறைத்தால் அந்தப் பயத்துக்கு நாமும் இடம் கொடுத்த மாதிரிதான்.

கலிபோர்னியாவில் 1994இல் இப்படி ஒரு பயணம் தொடங்கியது. 2002 முதல் எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்ற பெயரில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஏழு நாளில் 545 மைல், அதாவது கிட்டத்தட்ட 877 கிலோமீட்டர் மிதித்தார்கள். 2025இல்தான் அது நிறைவடைந்தது. எச்ஐவி உள்ளவர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, மறைக்காமல் அதில் ஓட்டினார்கள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உன்னோடு வருகிறவர்களிலும் அப்படிச் சிலர் இருக்கலாம். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள். நீயாக விசாரிக்காதே, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதே, கேட்காமல் யாருடைய படத்தையும் போடாதே. நீ வெளிப்படையாகப் பேசலாம். அவர்கள் பேசுவதும் பேசாததும் அவர்கள் இஷ்டம்.

அப்புறம் உன் உடம்பு. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதே, உரசிப் புண்ணாகிவிடும். இருக்கையின் உயரத்தை இப்போதே சரிபார்த்துக்கொள், இல்லையென்றால் முழங்கால் வலிக்கும். பசி எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது ஏதாவது சாப்பிடு. புது காலணியை அன்றுதான் முதலில் போடுவது வேண்டவே வேண்டாம்.

உன் பெரியப்பா நேற்று பேசினார். எச்ஐவி உள்ளவர்களோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தால் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டார். எச்சிலிலும் வியர்வையிலும் பரவாது, கட்டிப்பிடித்தாலும் பரவாது என்று சொன்னேன். முழுதாக நம்பவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை. மாத்திரையைப் பற்றியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். செய்தியைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு. அவருக்கும் மற்ற சொந்தக்காரர்களுக்கும் நானே அனுப்பிப் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா