நாகேஷுக்காகத் திடலுக்கு வந்த எங்கள் ஊருக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி 31 நாகேஷ் ஐயா காலமான நாள். 2009-ல் அவர் போனதிலிருந்து வருஷா வருஷம் அன்றைக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து 'சர்வர் சுந்தரம்' பார்ப்பது என் வழக்கம். இந்த வருஷம் பென்னாகரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில், ஊரோடு சேர்ந்து அவர் காட்சிகளைப் பார்த்தேன். அது உங்களால்தான் நடந்தது. நேரில் சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்குப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மைக்செட் அண்ணன். வாடகைக்குச் சொல்லிவைத்த புரொஜெக்டர் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வரவில்லை, போன் போட்டால் எடுக்கவும் ஆளில்லை. அண்ணன் எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போய், தெரிந்தவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி எட்டு மணிக்குள் வந்து நின்றார். பெட்ரோல் காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை. திரைக்காகத் தன் புது வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த டெய்லர் மாமா, கடலைக்காய் வேகவைத்துக் கொடுத்த அக்காமார், பாய் விரித்த பசங்க, எல்லாருக்கும் நன்றி.

அப்புறம் கூத்து வாத்தியார் ஐயா. இவருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். பாரதக் கூத்தில் காலமெல்லாம் கட்டியக்காரன், அதாவது சிரிக்க வைக்கிற கோமாளி வேஷம் கட்டியவர். 'திருவிளையாடல்' ஓடிக்கொண்டிருந்தது. கொண்டுபோன பாட்டில் குற்றம் என்று சபையில் சொல்லிவிட்ட பிறகு, நாகேஷ் நடித்த ஏழைப் புலவர் தருமி கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்புவாரே, அந்த இடம் முடிந்ததும் ஐயா எழுந்து, "சத்தத்தை நிறுத்திட்டு மறுபடி போடுப்பா" என்றார். போட்டோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனாலும் திடலே சிரித்தது! வசனம் வருவதற்கு முன்னாலேயே தோளும் கழுத்தும் அதைச் சொல்லிவிடுவதையும், கோபத்தில் முன்னால் போகிற கால் பயத்தில் தானாகப் பின்னால் வருவதையும் ஐயா திரைக்குப் பக்கத்தில் நின்று ஆடியே காட்டினார். 1965-ல் வந்த படம், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்தக் கால் அசைவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பா பேய்க்கதை சொல்கிற இடத்திலும் ஐயா சொன்னது எனக்குப் புதுசு. கதை சொல்வது நாகேஷ், நமக்குச் சிரிப்பு வருவது அதைக் கேட்கிற அப்பா பாலையாவின் முகத்தைப் பார்த்து. அந்த முகம் மாறுவதற்கு நேரம் விட்டு விட்டுத்தான் நாகேஷ் அடுத்த சத்தத்தைப் போடுகிறார். எதிரில் இருப்பவருக்கு இடம் விடத் தெரியாதவன் கட்டியக்காரனே இல்லை என்றார் ஐயா.

சின்னப் பசங்க விழுந்து விழுந்து சிரித்தது என்னவோ 'மகளிர் மட்டும்' படத்துக்குத்தான். 1994-ல் வந்தது, அதில் நாகேஷுக்குப் பிண வேஷம். பேச்சில்லை, அசைவில்லை, மற்றவர்கள் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இத்தனை வருஷம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத அந்த உடம்பு, கைகால் துவண்டு தன்னை அப்படியே அடுத்தவர் கையில் விட்டுவிடுகிறது. 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியைக்கூட இதற்கு அடுத்துதான் வைப்பேன் நான்.

டெய்லர் மாமா, வேட்டி இரண்டையும் துவைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். வாத்தியார் ஐயா, பங்குனியில் ஒரே ஒரு ராத்திரி வேஷம் கட்டுகிறேன் என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறீர்கள். முதல் வரிசைப் பாய் என்னுடையது.