புது லேப்டாப் வேண்டாம் தம்பி, இதைச் செய்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. ஒன்றைத் தேடினால் வேறெங்கோ கொண்டுபோய் விடுவது, திறக்காத பக்கம் தானாகத் திறப்பது, மூலையில் சிவப்பு எழுத்தில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மிரட்டுவது எல்லாமே ஆட்வேரின் வேலை, அதாவது விளம்பரம் காட்டிக் காசு பார்க்கும் தொல்லை மென்பொருளின் வேலை. போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். ஒரு சாயந்திரம் ஒதுக்கி, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

புதுசு வாங்கினால் சுத்தமாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதே. 2014 கடைசியில் லெனோவோ தன் லேப்டாப் மாடல்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைத் தானே போட்டு விற்றது. நாம் பார்க்கும் பக்கங்களுக்குள் அது விளம்பரத்தைச் செருகும். பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் செருக வேண்டுமே, அதற்காக, ‘இந்தத் தளம் அசல்தான்’ என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் போலியாகச் செய்து விண்டோஸுக்குள் வைத்திருந்தார்கள். அத்தனை லேப்டாப்பிலும் அதன் ரகசியச் சாவி ஒன்றேதான். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி போட்ட மாதிரி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொள்ள வேண்டிய நிலை அந்த நிறுவனத்துக்கு வந்தது. ஆகவே காசு செலவழித்துத் தப்பிக்கிற விஷயம் இல்லை இது.

தொடங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தத் தொல்லையின் பெயரைப் போட்டு ‘எப்படி நீக்குவது’ என்று தேடாதே. வரும் பக்கங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை. பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். நடுவில் பச்சை பட்டன் ஒன்று, ‘இலவச ஸ்கேனர்’ என்று. அது ஓடி முடித்து நூற்றுக்கணக்கில் ‘ஆபத்துகள்’ இருப்பதாகச் சொல்லும். எண்ணிப் பார்த்தால் பாதி வெறும் குக்கீகள், வெப்சைட்டுகள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புகள். நீக்கு என்றால் பணம் கேட்கும். அதுவே ஆட்வேராக இருப்பதும் உண்டு. ‘டிரைவர் அப்டேட்டர்’, ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ வகையறாவையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள். என் வேலைக்காலம் முழுக்க ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் நான். இவற்றால் குணமான மெஷின் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. திரை முழுக்க அடைத்துக்கொண்டு போன் நம்பர் காட்டினால் அந்த நம்பருக்குப் பேசவே பேசாதே. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடு. மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி சுலபம். ஆட்வேர் பெரும்பாலும் ஓட்டை உடைத்து உள்ளே வருவதில்லை. நாம் ‘சரி’ சொல்லித்தான் வருகிறது. இலவச மென்பொருள் ஒன்றின் இன்ஸ்டாலருக்குள் இன்னும் இரண்டு மூன்றை ஒளித்து வைப்பார்கள். உள்ளே போகும் ஒவ்வொன்றுக்கும் இன்ஸ்டாலர்காரனுக்குக் கமிஷன். கேட்டால், ‘நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்’ என்பார்கள். ஜாங்கோ என்று ஒரு கம்பெனி அப்படித்தான் பிழைத்தது. மக்களிடம் முறையாகச் சம்மதம் வாங்காமல் ஆட்வேரை இறக்கியதாக அதே அமெரிக்க ஆணையம் 2006-இல் பிடித்து, 30 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழில் திருந்தவில்லை, சம்மதம் வாங்குவதில் தேர்ந்துவிட்டது. ‘ஏற்கிறேன்’ என்ற பட்டன் பளிச்சென்று இருக்கும். ‘வேண்டாம்’ என்பது அழுத்தவே முடியாதது போல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அழுத்திப் பார், வேலை செய்யும்.

அதனால் நீ தேட வேண்டியது வைரஸை அல்ல. எங்கெங்கே தெரியாமல் சரி என்று சொன்னாயோ, அந்த இடங்களை. ஒவ்வொன்றாகப் போய் அந்தச் சம்மதத்தைத் திரும்ப வாங்கு.

மூலையில் வருகிற சிவப்பு மிரட்டலை முதலில் எடுத்துக்கொள்வோம். நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். தலைப்புக்கும் பெரிய எழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் குரோமின் சின்னம். அது விண்டோஸ் சொன்ன எச்சரிக்கையே இல்லை. என்றைக்கோ ஒரு பக்கம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், நீயும் அழுத்தியிருப்பாய். வீடியோ பார்க்கும் தளங்கள், கோப்பு மாற்றித்தரும் தளங்களில் இது சர்வசாதாரணம். நீ கொடுத்தது நோட்டிபிகேஷன் அனுப்பும் அனுமதி. கம்ப்யூட்டரில் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை, அதனால் எந்த ஆன்டிவைரஸை ஓட்டினாலும் ‘எல்லாம் சுத்தம்’ என்றே சொல்லும். எத்தனையோ பேர் இந்த ஒரு காரணத்துக்காக விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். குரோமில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அங்கே இருக்கும். உனக்குத் தெரிந்த மெயில், காலண்டர் தவிர எல்லாவற்றையும் தூக்கு. மேலேயே ‘எந்தத் தளமும் கேட்கக் கூடாது’ என்ற தேர்வும் உண்டு, அதைப் போட்டுவிடு. தொல்லையில் பாதி இங்கேயே நிற்கும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்கள். தேடல் திசைமாறுவதும், எந்தப் பக்கம் போனாலும் விளம்பரம் முளைப்பதும் பெரும்பாலும் இங்கிருந்துதான். இன்ஸ்டால் ஆகும்போது ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்கும். அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. நல்ல எக்ஸ்டென்ஷன் என்று நம்பிக் கொடுத்த அனுமதிகூட கை மாறும். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும், நிஜமாகவே நல்ல கருவி. 20 லட்சம் பேர் வரை வைத்திருந்தார்கள். 2020-இல் அதை எழுதியவர் யாரோ பெயர் தெரியாதவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி எல்லாருடைய பிரவுசரிலும் முடக்கியது. சரி சொன்னது ஒருவருக்கு, பயன்படுத்திக்கொண்டது வேறொருவர். அதனால் தாட்சண்யம் பார்க்காதே. போன மாதம் நீ தொடாத எக்ஸ்டென்ஷன் எதுவும் உனக்குத் தேவையில்லை.

நீக்கும் பட்டனே வேலை செய்யாத எக்ஸ்டென்ஷன் இருந்தால் குரோமின் மெனுவில் அடிவரியைப் பார். ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று இருக்கிறதா? அது உன் சொந்த லேப்டாப். எந்த நிறுவனமும் நிர்வகிக்கவில்லை. ஆட்வேர் தன்னையே நிர்வாகியாக எழுதிவைத்துக்கொண்டிருக்கலாம். (சில ஆன்டிவைரஸ்களும் இப்படி எழுதும், பார்த்ததும் பதறாதே.) இதற்கு மருந்து பின்னால் வருகிறது.

மூன்றாவது, இன்ஸ்டால் ஆன புரோகிராம்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கு. நீ அந்த பி.டி.எஃப். கன்வெர்ட்டரைப் போட்டாயே, அந்தத் தேதிக்குப் போ. அதே நாளில், நீ கேட்காமலே, பெயர் கேள்விப்படாத இரண்டு மூன்று சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். கன்வெர்ட்டரோடு சேர்த்து எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய். அங்கேயும் வாசகத்தை நிதானமாகப் படி. ‘பாதுகாப்பைத் தொடர விரும்புகிறீர்களா?’ என்று தலைகீழாகக் கேட்டு, பழக்கத்தில் நீ ‘எஸ்’ அழுத்தினால் அப்படியே தங்கிவிடும்.

பிறகு டெஸ்க்டாப்பிலும் டாஸ்க்பாரிலும் இருக்கும் பிரவுசர் ஷார்ட்கட். வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற கட்டத்தின் கடைசிவரை நகர்த்திப் பார். குரோமின் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஏதாவது வெப்சைட் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், செட்டிங்ஸில் ஹோம்பேஜை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். அந்த ஷார்ட்கட்டை அழித்துப் புதிதாக ஒன்று உருவாக்கு. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் இரண்டையும் ஒரு பார்வை பார். நீக்கியது மறுநாள் காலையில் திரும்பி வருகிறது என்றால் ஷெட்யூலரில் ஒரு வேலை அதை இழுத்து வந்து போடுகிறது என்று அர்த்தம். அங்கே தெரியாததை அழித்துவிடாதே, படம் எடுத்து எனக்கு அனுப்பு.

கையால் செய்தது போக மிச்சத்துக்குத்தான் கருவி. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஒன்று ஓட்டு. அதில் ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் என்ற பகுதிக்குப் போனால், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு இருக்கும். 2020 மே அப்டேட்டில் வந்தது அது. இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கட்டும். அதன் பிறகு ஆட்வ்கிளீனர். ஆட்வேருக்கென்றே எழுதிய சின்ன இலவசக் கருவி, 2016-இல் மால்வேர்பைட்ஸ் வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடு, முகவரியை நீயே டைப் செய்து போ. ‘நிறுவனம் நிர்வகிக்கிறது’ சமாசாரத்தைத் துடைக்க அதன் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளை, அதாவது நிர்வாகி போட்ட விதிகளை, ரீசெட் செய்யும் தேர்வு இருக்கிறது. எல்லாம் முடிந்த பின் குரோமையும் ஒருமுறை ரீசெட் செய். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போகாது.

இதையெல்லாம் தொடங்கும் முன் குரோமின் சிங்க்கை நிறுத்து, உன் கூகுள் கணக்கு வழியாக எல்லா மெஷினிலும் குரோமை ஒரே மாதிரி வைக்கும் வசதி அது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். லேப்டாப்பைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி லாகின் செய்ததும், உன் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் கணக்கு வழியாகத் திரும்பி வந்துவிடும். இரண்டு மெஷினையும் முடித்த பிறகே சிங்க்கை ஆன் செய். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளையும் அப்போதுதான் மாற்ற வேண்டும், அதற்கு முன் அல்ல. பக்கத்தைப் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், நீ டைப் செய்ததையும் படித்திருக்கலாம்.

இனி வராமல் இருக்க நீண்ட பாடம் எதுவும் நடத்தப் போவதில்லை. மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து எடு. இன்ஸ்டாலரில் கஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு என்று இருந்தால் அதையே தேர்ந்தெடு, ஒளித்து வைத்த டிக்குகள் அங்கேதான் தெரியும். தேடலில் முதலில் வரும் ‘ஸ்பான்சர்டு’ வரிகளைத் தாண்டிப் போ. அசல் கம்பெனியைப் போல வேஷம் போட்டு விளம்பரம் கொடுக்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ.யே 2022 டிசம்பரில் எச்சரித்து, விளம்பரத்தைத் தடுக்கும் ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளச் சொன்னது. நான் வைத்திருப்பது யூபிளாக் ஆரிஜின். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக வேலை செய்கிறது, குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான் கிடைக்கும். பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துப் போடு. 2017-இல் ஆட்பிளாக் பிளஸ் என்ற பெயரிலேயே ஒரு போலி, குரோம் ஸ்டோருக்குள்ளேயே இருந்தது. 37,000 பேர் இறக்கிவிட்டார்கள்.

கிராக் செய்த மென்பொருள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? உன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் படத்தில் ஒன்று தெரிந்தது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டு என்று சொல்கிற எதையும் ஓட்டாதே. அதில் ஆட்வேர் மட்டும் வந்தால் நல்ல காலம் என்று நினைத்துக்கொள். அழித்துவிடு, அதற்கு ஈடாக இலவசமாகக் கிடைப்பது எது என்று நான் சொல்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் திரும்பி வந்தால் விண்டோஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கிறது. உன் கோப்புகளை வைத்துக்கொண்டு புரோகிராம்களை மட்டும் அழிக்கும் தேர்வும் அதில் உண்டு. இருந்தாலும் போட்டோக்களையும் ஆபீஸ் கோப்புகளையும் முதலில் வெளி டிரைவில் எடுத்துவை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் அதில் சேர்க்காதே. ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தால் காலையிலேயே ஆரம்பி, நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். ஷெட்யூலர் படத்தை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா